எரித்த பிறகு வந்த ஆய்வு
பெருந்தொற்றுக் கால அறிவுப் பகிர்வு பற்றி யாழ்ப்பாணத்திலிருந்து சில விமர்சனக் குறிப்புகள்

கொவிட் காலத்தில் உலகத்து ஆய்விதழ்கள் எல்லாம் தம் கதவுகளைத் திறந்துவிட்டன என்பது இன்று பெருமையாகச் சொல்லப்படும் ஒரு செய்தி. அது பொய்யல்ல. 2020 ஜனவரி 11ஆம் திகதி சீன விஞ்ஞானி சாங் யொங்சென்னின் குழு, புதிய வைரஸின் மரபணு வரிசையை யாரும் பார்க்கக்கூடிய இணையத்தளம் ஒன்றில் வெளியிட்டது. அதே மாத இறுதியில், லண்டனில் உள்ள வெல்கம் அறக்கட்டளை முன்னின்று தயாரித்த கூட்டறிக்கையில் பெரிய பதிப்பகங்களும் ஆய்விதழ்களும் கையொப்பமிட்டன. இந்த நோயைப் பற்றிய கட்டுரைகளைக் காசு வாங்காமல் படிக்கத் தருவோம், அச்சுக்கு வரும் முன்பே தரவுகளைப் பகிர்வோம் என்று உறுதி கூறின. ஒரு கட்டுரைக்கு முப்பது, நாற்பது டொலர் கேட்டுக்கொண்டிருந்த நிறுவனங்கள் சில மாதங்களுக்காவது மனம் இரங்கின.

அந்தத் திறந்த கதவால் எங்கட மக்களுக்கு என்ன கிடைத்தது? இதுதான் எனது கேள்வி. அறிவு பகிரப்பட்டதாக உலகம் கொண்டாடிய அதே பன்னிரண்டு மாதங்களில்தான் இலங்கையில் முஸ்லிம்களின் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. எரிப்பதற்குச் சொல்லப்பட்ட காரணம் மார்க்கமோ சட்டமோ அல்ல, விஞ்ஞானம். ஆகவே அந்த விஞ்ஞானம் எங்கே எழுதப்பட்டிருந்தது, யார் எழுதினார்கள், எந்த மொழியில், எப்போது என்று கேட்பது திறனாய்வாளனின் வேலைதான். கவிதையையும் நாவலையும் மட்டும் விமர்சித்துக்கொண்டிருக்க முடியாது. ஒரு நாட்டின் வர்த்தமானியும் நிபுணர் குழு அறிக்கையும்கூட வாசித்து மதிப்பிட வேண்டிய பிரதிகளே.

வர்த்தமானியும் அதன் காரணமும்

உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 24ஆம் திகதி ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. கொவிட்டால் இறந்தவர்களின் உடல்களை எப்படிக் கையாள்வது என்பதே அதன் பொருள். அடக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்று அது சொன்னது. தொற்றுநோயால் இறந்தவரைக் கட்டாயம் எரிக்க வேண்டும் என்பது பரவலான ஒரு தப்பெண்ணம் என்பதையும் வெளிப்படையாகவே குறிப்பிட்டது. சில பக்கங்களே கொண்ட அந்த ஆவணத்தைப் படிக்க மருத்துவப் பட்டம் தேவையில்லை.

மூன்று நாள் கழித்து எங்கட சுகாதார அமைச்சு தயாரித்த முதல் வழிகாட்டலும் அடக்கத்தை அனுமதித்திருந்தது. மார்ச் மாதம் முடிவதற்குள் அது மாற்றப்பட்டது. ஏப்ரல் 11ஆம் திகதி அதிவிசேட வர்த்தமானி வந்தது. கொவிட்டால் இறந்தவரின் உடல் 800 முதல் 1200 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஆகக் குறைந்தது 45 நிமிடம் எரிக்கப்பட வேண்டும் என்று அது கட்டளையிட்டது. வெப்பநிலையையும் நிமிடத்தையும் இவ்வளவு நுணுக்கமாகச் சொன்ன அந்தக் கட்டளையில், ஏன் எரிக்க வேண்டும் என்பதற்கு ஆதாரமாக ஓர் ஆய்வுக்கட்டுரையின் பெயர்கூட இல்லை.

காரணம் பிறகுதான், தொலைக்காட்சியிலும் ஊடகச் சந்திப்புகளிலும் சொல்லப்பட்டது. இலங்கையில் நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்தது, புதைத்தால் வைரஸ் நீரில் கலந்துவிடும் என்றார்கள். அந்த ஒரு வாக்கியம் சிங்களத்தில் வீடு வீடாகப் போனது. தமிழிலும் போனது. "தண்ணிக்குள்ள இறங்குமாம்" என்று எங்கட ஆக்களே அரைகுறையாக நம்பத் தொடங்கினார்கள். மறுப்பதற்குத் தேவையான அறிவு உலகம் முழுதும் இலவசமாகக் கிடந்தது. ஆனால் அது ஆங்கிலத்தில் கிடந்தது, கலைச்சொற்களுக்குள் கிடந்தது. அச்சம் மக்கள் மொழியில் பேசியது, ஆய்வு பேசவில்லை.

நீரைப் பற்றி ஆய்வு சொன்னது என்ன?

முதலில் இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும். ஏனென்றால் நிலத்தடி நீர் பற்றிய அச்சம் யாழ்ப்பாணத்தானுக்குச் சிரிப்புக்குரிய விஷயமல்ல. எங்களுக்கு ஆறில்லை. வழுக்கியாறு மழைக்காலத்தில் மட்டும் ஓடுவது. குடிநீருக்கும் தோட்டத்துக்கும் சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் மழைநீர்தான் கதி. அந்தக் கல் வெடிப்பும் குகையுமாக இருப்பது. நிலாவரைக் கிணற்றையும் கீரிமலைக் கேணியையும் பார்த்தவர்களுக்கு அது புரியும். அப்படிப்பட்ட நிலத்தில் மேலே ஊற்றுவது கீழே வேகமாகப் போய்ச் சேரும். மலசலகூடக் குழிகளாலும் தோட்டத்துப் பசளையாலும் எங்கட கிணறுகளில் நைத்திரேற்று கூடியிருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே "நீரில் கலக்குமா?" என்ற கேள்வி நியாயமானது. கேட்டது குற்றமல்ல. கேட்டுவிட்டுப் பதிலை மறைத்ததே குற்றம்.

பதில் புதிதாகத் தேட வேண்டியதும் அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியக் கிளை 1998இலேயே மையவாடிகளும் சுற்றாடலும் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டிருந்தது. குடிநீர்க் கிணற்றிலிருந்து 250 மீற்றருக்குள் அடக்கம் செய்யக்கூடாது, கபுறின் அடிக்கும் நீர்மட்டத்துக்கும் இடையில் போதிய மண் இருக்க வேண்டும் என்பன போன்ற அளவுகளை அது தந்தது. அதாவது விஞ்ஞானம் "அடக்காதே" என்று சொல்லவில்லை. எங்கே, எவ்வளவு ஆழத்தில் என்றுதான் சொன்னது. இது எல்லா நோய்க்கும் எல்லாச் சமயத்தாருக்கும் பொருந்தும் விதி. யாழ்ப்பாணத்தின் சுண்ணாம்பு நிலத்தில் அதை இன்னும் கவனமாகப் பின்பற்ற வேண்டும் என்று ஒருவர் வாதிட்டால் நானும் அவரோடு நிற்பேன்.

அடுத்தது வைரஸ் பற்றியது. கொரோனா வைரஸைச் சுற்றிக் கொழுப்பாலான மெல்லிய உறை ஒன்று இருக்கிறது. சவர்க்காரம் போட்டுக் கை கழுவச் சொன்னதே அந்த உறை உடையும் என்பதற்காகத்தான். உயிருள்ள கலத்துக்குள் மட்டுமே அது பெருகும். ஆள் இறந்தபின் அது பெருகுவதற்கு வழியில்லை. 2003இல் சார்ஸ் வைரஸை அடையாளம் கண்டவர்களில் ஒருவரான பேராசிரியர் மலிக் பீரிஸ், பேராதனையில் மருத்துவம் படித்து ஹொங்கொங்கில் பணியாற்றுபவர், இதைத்தான் எடுத்துச் சொன்னார். நீர் புகாத உறையில் சுற்றி அடக்கிய உடலிலிருந்து நிலத்தடி நீருக்கு வரக்கூடிய ஆபத்து மிக மிக அற்பமானது என்பது அவரது கருத்து.

ஒரு குழப்பம் இங்கே நடந்தது, அதையும் சொல்ல வேண்டும். 2020இன் தொடக்கத்திலேயே நெதர்லாந்தில் கழிவுநீரில் இந்த வைரஸின் மரபணுத் துணுக்குகளைக் கண்டுபிடித்தார்கள். துணுக்கு இருப்பது வேறு, தொற்றக்கூடிய முழு வைரஸ் இருப்பது வேறு. உடைந்த பானையின் ஓட்டில் தண்ணீர் மொள்ள முடியாது. ஆய்வுக்கட்டுரையில் அந்த வேறுபாடு தெளிவாக இருந்தது. செய்தியாக மாறும்போது "தண்ணீரில் கொரோனா" என்றாகிவிட்டது.

இன்னொரு கேள்வியை அன்று யாராவது உரக்கக் கேட்டிருக்கலாம். வைரஸ் நீருக்குள் இறங்கும் என்பதுதான் பயமென்றால், வீட்டிலும் தனிமைப்படுத்தல் நிலையத்திலும் உயிரோடிருந்த ஆயிரக்கணக்கான நோயாளிகளின் கழிவு எங்கே போனது? இந்நாட்டில் பெரும்பாலும் குழிக்குள்தான், பல வீடுகளில் கிணற்றுக்கு அருகிலேயே. அந்தக் குழிகளை மூடச் சொல்லி எந்த வர்த்தமானியும் வரவில்லை. ஆறடி மண்ணுக்குக் கீழே, உறையில் சுற்றிய மையித்து மட்டும் ஆபத்தாகிப் போனது. இந்த ஒரு ஒப்பீடே போதும், அந்தக் காரணம் நீரைப் பற்றியதல்ல என்று தெரிந்துகொள்ள.

மேற்கு ஆபிரிக்கா எழுதிவைத்த பாடம்

இப்படியொரு நிலை உலகில் முதல் தடவையும் அல்ல. 2014இல் கினி, சியரா லியோன், லைபீரியா ஆகிய நாடுகளில் எபோலா பரவியது. எபோலாவில் இறந்தவரின் உடல் உண்மையிலேயே கடுமையாகத் தொற்றக்கூடியது. அந்த நாடுகளில் முஸ்லிம்கள் பெருந்தொகையினர். அங்கே உலக சுகாதார நிறுவனம் சமயத் தலைவர்களோடு இருந்து பேசி "பாதுகாப்பான, கண்ணியமான நல்லடக்கம்" என்ற முறையை உருவாக்கியது. குளிப்பாட்ட முடியாத இடத்தில் தயம்மும், கபனுக்கு மேல் உறையும், ஜனாஸாத் தொழுகைக்கு இடமும் என்று ஒவ்வொன்றும் பேசித் தீர்க்கப்பட்டது.

லைபீரியா மட்டும் முதலில் வேறு வழியில் போனது. தலைநகர் மொன்றோவியாவில் எல்லா உடல்களையும் எரிக்க உத்தரவிட்டது. விளைவாக, மக்கள் நோயாளிகளையும் இறந்தவர்களையும் மறைத்தார்கள். நோய் வெளியே தெரியாமல் போனது. அந்த ஆண்டு முடிவதற்குள் அரசு எரிப்பதைக் கைவிட்டு அடக்கத்துக்கு நிலம் ஒதுக்கியது.

அந்த வேளையில் பிரித்தானியாவிலும் சியரா லியோனின் நஜாலா பல்கலைக்கழகத்திலும் இருந்த மானிடவியலாளர்கள் ஒன்றுசேர்ந்து ஒரு பகிர்வுத் தளத்தை ஏற்படுத்தினார்கள். ஆய்விதழில் வர ஒரு வருடம் எடுக்கும் விஷயங்களை, களத்தில் நிற்கும் ஊழியருக்குப் பயன்படும்படி சில பக்கக் குறிப்புகளாக எழுதிக் கொடுத்தார்கள். ஒரு சமூகம் தன் மையித்தை எப்படிப் பார்க்கிறது, எதை விட்டுக்கொடுக்கும், எதை விடாது என்று அவர்கள் எழுதியவை பிறகு கொள்கையை மாற்ற உதவின. புலமை மக்களுக்குப் பயன்படுவது என்றால் இதுதான். 2020இல் இலங்கை அரசின் மேசையில் இந்த எழுத்துகள் இருந்திருக்க வேண்டும். ஆறு வருட அனுபவம் அச்சில் இருந்தது.

எங்கட குழுக்கள் எழுதியவை

இனி எங்கட பிரதிகளுக்கு வருவோம். எரிக்கும் முடிவுக்குப் பின்னால் ஒரு நிபுணர் குழு இருப்பதாக அரசு திரும்பத் திரும்பச் சொன்னது. அந்தக் குழுவின் வாதங்களை, உறுப்பினர் கையொப்பத்தோடும் ஆதாரக் குறிப்புகளோடும் ஓர் அறிக்கையாக மக்கள் கையில் தரவில்லை. வெளியிடப்படாத அறிக்கையை யாரும் மறுத்து எழுத முடியாது. அதனால்தான் அது பதினொரு மாதம் உயிரோடு இருந்தது.

2020 டிசம்பர் முதலாம் திகதி, இந்தக் கட்டளைக்கு எதிரான அடிப்படை உரிமை மனுக்களை உயர்நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்காமலே தள்ளுபடி செய்தது. அந்த மாதத்தில்தான் பிறந்து மூன்று வாரம்கூட நிறையாத குழந்தையொன்று பெற்றோரின் சம்மதமின்றி எரிக்கப்பட்டது. பொரளை மயான வேலியில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். முஸ்லிம்கள் மட்டும் கட்டவில்லை, சிங்களவரும் தமிழரும் கட்டினார்கள்.

அதன் பிறகுதான் புலமையாளர்கள் சத்தமாகப் பேசினார்கள். கொழும்புப் பல்கலைக்கழகத்து நுண்ணுயிரியல் பேராசிரியை ஜெனிபர் பெரேரா தலைமையில் அமைந்த புதிய குழு, உரிய கட்டுப்பாடுகளோடு அடக்கத்தையும் அனுமதிக்கலாம் என்று டிசம்பர் முடிவில் பரிந்துரைத்தது. சமூக மருத்துவர்களின் கல்லூரியும் இலங்கை மருத்துவச் சங்கமும் அதே கருத்தை அந்த வருடத் திருப்பத்தில் வெளியிட்டன. 2021 ஜனவரி 7ஆம் திகதி சுகாதார அமைச்சர் பாராளுமன்றத்தில் எழுந்து, எரிக்கும் முடிவில் மாற்றமில்லை என்றார்.

இந்த அறிக்கைகளை வாசிக்கும்போது எனக்குள் நன்றியும் கோபமும் சேர்ந்தே வருகின்றன. நன்றி, அந்த நேரத்தில் அதைச் சொல்லத் துணிவு வேண்டியிருந்ததால். கோபம் இரண்டு காரணத்தால். முதலாவது, காலம். ஏப்ரலில் தெரிந்திருந்ததே டிசம்பரிலும் சொல்லப்பட்டது. இடையில் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவைப்படவில்லை. இரண்டாவது, மொழி. நான் வாசித்த மருத்துவச் சங்க அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. அமைச்சருக்கும் சக மருத்துவருக்கும் எழுதிய கடிதம் அது. காலியிலோ குருநாகலிலோ தண்ணீருக்குப் பயந்த ஒரு சிங்களத் தாய்க்கு எழுதியதல்ல, சோனகத் தெருவில் மையித்தை நினைத்துத் தூங்காத ஒரு உம்மாவுக்கு எழுதியதுமல்ல.

எங்கட பக்கத்தையும் பார்க்க வேண்டும். நாங்கள் மார்க்க உரிமை என்று பேசினோம். அது நியாயமானதே. ஆனால் பக்கத்து வீட்டுக்காரனின் பயம் தண்ணீரைப் பற்றியதாக இருந்தது. மஹ்ஷர் பற்றிய பதில் அந்தப் பயத்துக்கு மருந்தாகாது. நீரைப் பற்றிய கேள்விக்கு நீரைக் கொண்டு பதில் சொல்லும் ஒரு சிறு பிரசுரம், மூன்று மொழியில், நான்கு பக்கத்தில், பள்ளிவாசலிலும் விகாரையிலும் கோயிலிலும் கொடுக்கக்கூடியதாக இருந்திருந்தால் எவ்வளவோ பயன் விளைந்திருக்கும். எங்கட சமூகத்தில் நீரியல் படித்தவர்கள் இருக்கிறார்கள், நுண்ணுயிரியல் படித்தவர்கள் இருக்கிறார்கள்.

சுன்னாகம் ஏற்கெனவே சொன்னது

யாழ்ப்பாணத்தாருக்கு இந்த நாடகத்தின் முன்னைய காட்சி தெரியும். சுன்னாகம் மின்நிலையத்தைச் சுற்றிய கிணறுகளில் எண்ணெய் மிதக்கிறது என்று 2013, 2014 காலத்தில் மக்கள் முறையிட்டார்கள். அங்கேயும் நிபுணர் குழு வந்தது. வடமாகாண சபை அமைத்த குழு ஆபத்தில்லை என்ற பக்கம் நின்றது, நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் சோதனைகள் வேறு கதை சொன்னன. எந்தக் கிணற்றில், எந்தத் திகதியில், எந்த முறையில் சோதித்தார்கள் என்ற விபரம் மக்களுக்குப் புரியும் தமிழில் விளக்கப்படாததால், ஊரே இரண்டாகப் பிரிந்தது. "தண்ணிய குடிக்கலாமா, ஏலாதா?" என்ற எளிய கேள்விக்கு வருடக்கணக்கில் பதிலில்லை. கடைசியில் 2019 ஏப்ரல் 4ஆம் திகதி உயர்நீதிமன்றம்தான் தீர்ப்புச் சொன்னது. மின்னுற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும் என்றது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சுன்னாகத்தில் மக்கள் மாசு இருக்கிறது என்றார்கள், நிபுணர்கள் இல்லை என்றார்கள். ஜனாஸா விஷயத்தில் நிபுணர்கள் மாசு வரும் என்றார்கள், ஆதாரத்தைக் காட்டவில்லை. திசை வேறு, நோய் ஒன்றுதான். குழுவின் பெயரால் முடிவு வருகிறது, முடிவுக்குப் பின்னால் உள்ள எழுத்து வருவதில்லை. தமிழருக்கு நடந்தது முஸ்லிமுக்கு விளங்க வேண்டும், முஸ்லிமுக்கு நடந்தது தமிழருக்கு விளங்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. 2021 பெப்ரவரி 3ஆம் திகதி பொத்துவிலில் தொடங்கி 7ஆம் திகதி வடமராட்சியின் பொலிகண்டியில் முடிந்த பேரணியின் கோரிக்கைகளில் கட்டாயத் தகனத்தை நிறுத்துவதும் ஒன்றாக இருந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட ஒரு சமூகத்துக்கு அது சாதாரண விஷயமல்ல.

கிறீன் செய்த வேலை

மருத்துவ அறிவை மக்கள் மொழியில் கொண்டுபோவது யாழ்ப்பாணத்துக்குப் புதிதல்ல. 1847இல் இங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் இருந்துகொண்டு மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அவர் காலத்தில் வாந்திபேதி இந்தக் குடாநாட்டைத் திரும்பத் திரும்பத் தாக்கியது. அவர் 1852இல் 'அங்காதிபாதம்', 1857இல் 'பிரசவ வைத்தியம்', 1867இல் 'இரண வைத்தியம்', 1875இல் 'கெமிஸ்தம்' என்று நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். கலைச்சொற்களைத் தொகுத்தார். தன் மாணவர்களை ஆங்கிலத்தை விட்டுத் தமிழில் படிக்கவைத்தார். ஏன் என்றால், கொழும்புக்கு ஓடாமல் கிராமத்தில் நின்று வைத்தியம் பார்க்கும் ஆள் தமிழில் படித்தவனாக இருப்பான் என்பது அவர் கணிப்பு.

அவர் மதம் பரப்ப வந்த சபையைச் சேர்ந்தவர். அதில் எனக்கு மாறுபாடு உண்டு, அது வேறு கதை. ஆனால் அறிவைக் கடத்துவது என்றால் என்ன என்பதை அவர் விளங்கியிருந்தார். நூலைச் சும்மா கொடுப்பது பாதி வேலைதான். சொல்லை உருவாக்குவது, அதை வாசிக்கக்கூடிய ஆளை உருவாக்குவது, இரண்டும் சேர்ந்தால்தான் வேலை முடியும்.

இன்னொரு யாழ்ப்பாண மரபும் உண்டு. மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் என்ற அமைப்பினர், எல்லா ஆயுதக்காரரும் வாயை மூடச் சொன்ன காலத்தில் எழுதினார்கள். 'முறிந்த பனை' நூலை எழுதிய நால்வரில் ஒருவரான மருத்துவபீட விரிவுரையாளர் ராஜனி திராணகம 1989 செப்டம்பர் 21ஆம் திகதி சுட்டுக்கொல்லப்பட்டார். மற்றவர்கள் ஊரை விட்டுப் போக வேண்டியிருந்தது, எழுத்தை விடவில்லை. வடக்கு முஸ்லிம்களின் வெளியேற்றத்தையும் கிழக்கின் பள்ளிவாசல் படுகொலைகளையும் பதிவுசெய்த தமிழ்ப் புலமையாளர்களில் அவர்கள் முன்வரிசையில் நிற்பவர்கள். எழுத்துக்குக் கீழே பெயரைப் போடுவதன் விலை என்ன என்பதை அவர்கள் காட்டினார்கள். பெருந்தொற்றுக் காலத்து நிபுணர்களுக்கு அந்த அளவு விலை கேட்கப்படவில்லை.

அதே பெருந்தொற்றுக் காலத்தில் யாழ்ப்பாணம், பேராதனை, கொழும்பு முதலிய பல்கலைக்கழகங்களின் விரிவுரையாளர் சிலர் 'குப்பி' என்ற கூட்டாகச் சேர்ந்து 'தி ஐலண்ட்' பத்திரிகையில் பத்தி எழுதத் தொடங்கினார்கள். விரிவுரை மண்டபத்துக்கு வெளியே மாணவர் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கும் வகுப்புக்குத்தான் 'குப்பி' என்று பெயர். பெயரும் நல்லது, நோக்கமும் நல்லது, தம் பெயரைப் போட்டு எழுதுகிறார்கள். என் குறை ஒன்றுதான். ஆங்கிலப் பத்திரிகை வாசிப்பவர் இந்நாட்டில் சிறுபான்மையிலும் சிறுபான்மை. குப்பி வகுப்பு நடப்பது தாய்மொழியில் அல்லவா?

அவசரம் ஆபத்தல்லவா?

"ஆய்வு முடியுமுன் மக்களிடம் போனால் பிழையும் போய்ச் சேருமே" என்று எனது நண்பரான ஒரு விரிவுரையாளர் கேட்டார். நியாயமான கேள்வி. 2020 மே 22ஆம் திகதி 'லான்செற்' ஆய்விதழில் ஹைட்ரொக்சிகுளோரோகுயின் மருந்து பற்றி ஒரு கட்டுரை வந்தது. 671 மருத்துவமனைகள், 96,000 நோயாளிகள் என்று கணக்குக் காட்டியது. பல நாடுகளில் சோதனைகள் இடைநிறுத்தப்பட்டன. தரவைக் காட்டுங்கள் என்று விஞ்ஞானிகள் கேட்டபோது, அதை வழங்கிய நிறுவனம் காட்ட மறுத்தது. ஜூன் 4ஆம் திகதி கட்டுரை மீளப் பெறப்பட்டது.

எனக்கு இந்தக் கதை எதிர்ப்பக்கத்தைத்தான் சொல்கிறது. உலகின் புகழ்பெற்ற மருத்துவ இதழில் வந்த பிழை பதின்மூன்று நாளில் பிடிபட்டது. காரணம், அது அச்சில் இருந்தது. ஆசிரியர் பெயர் இருந்தது, கணக்கு இருந்தது, கேள்வி கேட்க இடம் இருந்தது. எங்கட தகனக் குழுவின் கருத்து பதினொரு மாதம் பிடிபடவில்லை, ஏனென்றால் பிடிப்பதற்கு எழுத்தே இல்லை. வெளியிடப்பட்ட பிழையைவிட வெளியிடப்படாத பிழைக்கு ஆயுள் அதிகம்.

மன்னிப்புக் கேட்ட பிறகு

2021 பெப்ரவரி 25ஆம் திகதி கட்டளை மாற்றப்பட்டது. அதற்கு முன்னைய நாட்களில் பாகிஸ்தான் பிரதமர் கொழும்பு வந்திருந்தார், ஜெனீவாவில் மனித உரிமைப் பேரவை கூடியிருந்தது. விஞ்ஞானம் அந்த வாரத்தில் மாறவில்லை. பிறகு கிளிநொச்சி மாவட்டத்தின் இரணைதீவைக் காட்டினார்கள். தம் நிலத்துக்குத் திரும்பப் போராடி வந்த அங்குள்ள மீனவ மக்கள் எதிர்த்தார்கள். அவர்கள் முஸ்லிம்களுக்கு எதிராக நின்றார்கள் என்று அதை வாசிப்பது தவறு. அவர்களிடமும் யாரும் ஆதாரத்தோடு பேசவில்லை, புதைத்தால் ஆபத்து என்று பத்து மாதம் சொன்ன அதே அரசு திடீரென்று அவர்கள் தீவைக் காட்டியது. கடைசியில் ஓட்டமாவடி மஜ்மா நகரில் இடம் ஒதுக்கப்பட்டது. யாழ்ப்பாணத்தில் மௌத்தானாலும் மட்டக்களப்பு மாவட்டத்துக்குத்தான் போக வேண்டும். 2022 மார்ச்சில் அந்தக் கட்டுப்பாடு நீங்கும்வரை மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே அடக்கப்பட்டார்கள். முஸ்லிம் அல்லாதவர்களும் அவர்களில் உண்டு.

2024 ஜூலையில் அமைச்சரவை, கட்டாயத் தகனத்துக்காக மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. அந்தப் பத்திரத்தைச் சமர்ப்பித்தவர்களில் நீர் வழங்கல் அமைச்சரும் ஒருவர். 2021 ஜூலையிலும் 2024 மார்ச்சிலும் முடிந்த இரண்டு ஆய்வுகள், பாதுகாப்பாக அடக்கம் செய்வதால் நீர் வழியாக வைரஸ் பரவவில்லை என்று காட்டியதாக அதில் குறிப்பிடப்பட்டது. ஆய்வு நடத்தியது நல்லதே. ஆனால் வரிசையைக் கவனியுங்கள். 200க்கும் மேற்பட்ட ஜனாஸாக்களை எரித்து முடித்த பிறகுதான் தண்ணீரைச் சோதித்தார்கள். மன்னிப்பை ஏற்பதும் ஏற்காததும் அந்தந்தக் குடும்பத்தின் உரிமை. அதில் நான் சொல்ல எதுவுமில்லை. விமர்சகனாக எனக்குள்ள கேள்வி, அந்த இரண்டு ஆய்வறிக்கைகளும் சிங்களத்திலும் தமிழிலும் மக்கள் கையில் கிடைக்கின்றனவா என்பதுதான். கிடைக்காவிட்டால் அடுத்த தொற்றில் அதே வாக்கியம் திரும்ப வரும், "தண்ணிக்குள்ள இறங்குமாம்" என்று.

ஆகவே மூன்று விஷயங்களைக் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். பொதுமக்களின் உடலையோ உயிரையோ பாதிக்கும் எந்த முடிவுக்கும் அடிப்படையான நிபுணர் குழு அறிக்கை, முடிவு வரும் நாளிலேயே, உறுப்பினர் பெயரோடும் ஆதாரத்தோடும் மூன்று மொழியிலும் வெளிவர வேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் எங்களிடம் இருக்கிறது. முதலாவது தகனக் குழுவின் முழு ஆவணங்களையும் அந்தச் சட்டத்தின் கீழ் கேட்டுப் பெறும் வேலையை எங்கட இளம் சட்டத்தரணிகள் தொடர வேண்டும். இரண்டாவது, பல்கலைக்கழகங்கள் ஒரு விரிவுரையாளரின் பதவி உயர்வுக்கு ஆங்கில ஆய்விதழை எண்ணுவதுபோல், தாய்மொழியில் மக்களுக்காக எழுதிய நல்ல விளக்கத்தையும் எண்ண வேண்டும். எண்ணாத வேலையை யாரும் செய்யமாட்டார்கள்.

மூன்றாவது எங்களுக்கு, அதாவது இதுபோன்ற காலாண்டிதழ்களுக்கு. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து அச்சுகளை, முஸ்லிம் சஞ்சிகைகளையும் சேர்த்து, யாரும் இலவசமாகப் படிக்க வைத்திருக்கிறது. சேமிக்கும் இடம் இருக்கிறது. அதற்குள் வைக்க வேண்டிய எழுத்துதான் குறைவு. மையவாடி எங்கே அமைய வேண்டும், கிணற்றுக்கும் கபுறுக்கும் எவ்வளவு தூரம், தொற்றில் இறந்த மையித்தை எப்படிக் கையாள்வது என்பதை மருத்துவரும் நீரியலாளரும் உலமாவும் சேர்ந்திருந்து எழுதிய ஒரு தமிழ்க் கைநூல் இன்னும் எங்களிடம் இல்லை. அதை எழுத அடுத்த தொற்றுவரை காத்திருக்கத் தேவையில்லை. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்பு நிலத்திலிருந்தே தொடங்கலாம். இங்கே கேள்வி கடினமானது, ஆகவே இங்கே கிடைக்கும் பதில் மற்ற எல்லா ஊருக்கும் போதுமானதாக இருக்கும்.